சவுரிராயன் வீடு பின்னால் போன விவரம்

1984ஆம் வருஷம் ஆவணி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி சுமாருக்கு, திண்டிவனம் காலனி சவேரியார் தெருவில் சவுரிராயனின் வீடு ஒரு அடி பின்னால் போனது. அன்று மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டை முந்நூற்றுப் பத்து ரூபாய்க்கு எடுத்தார்கள். வீடு போனபோது சத்தம் எதுவும் வரவில்லை. அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த உலை தளும்பவில்லை. பின்சுவரோடு ஒட்டி வைத்திருந்த கோழிக்கூடு மட்டும் ஒரு அடி தள்ளப்பட்டு, உள்ளே இருந்த பெட்டைக்கோழி இரண்டு தரம் கத்திவிட்டு மறுபடியும் அடைகாக்க உட்கார்ந்தது. வாசல்படி இருந்த இடத்தில் வெயிலே படாத வெளுத்த மண் ஒரு பட்டையாகத் தெரிந்தது. சவுரிராயனின் மனைவி வெள்ளையம்மாள் அதைப் பெருக்கிச் சமப்படுத்திவிட்டு, புருஷனுக்குச் சோறு கட்டி அனுப்பினாள். அவர் கமிட்டியில் மூட்டை தூக்குகிறவர். வீடு நகர்ந்ததற்காக ஒருநாள் கூலியை விடுகிற வசதி அவருக்கு இல்லை.

காரணம் என்னவென்று தெருவுக்கே தெரியும். பாண்டிச்சேரியிலிருந்து டைப்ரைட்டிங் மிஷின் விற்றவர் வந்து, வாசலில் நின்று, பாக்கி எப்போது வரும் என்று கேட்டிருந்தார். மரியாதையாகத்தான் கேட்டார். அவர் வாயை மூடுவதற்குள் வீடு ஒரு அடி விலகிவிட்டது. அதற்குப் பிறகு வீட்டின் கணக்கு ஒரு ஒழுங்குக்கு வந்தது. யார் வந்து கடனைக் கேட்டாலும் ஒரு அடி. பேங்கிலிருந்து ரிஜிஸ்தர் தபால் வந்தால் மூன்று அடி. தண்டல்காரர் அப்பாதுரை தினமும் டி.வி.எஸ். 50இல் வருவார். இன்ஜினை அணைக்காமல் கேட்டால் ஒரு விரற்கடையோடு போய்விடும். அணைத்துவிட்டு, ஸ்டாண்டு போட்டு, "இன்னா பாப்பா" என்று ஆரம்பித்தால் முழு அடி.

கடன் வாங்கியது சவுரிராயன் இல்லை. அவர் மகள் லூர்துமேரி. அந்தத் தெருவில் பட்டம் வாங்கிய முதல் ஆள். விழுப்புரம் கலைக் கல்லூரியில் பி.காம். படித்தவள். படித்துவிட்டு இரண்டு வருஷம் வேலைக்கு எழுதிப் போட்டாள். பதில் வராத விண்ணப்பங்களுக்கு ஒட்டிய தபால்தலைக் காசில் ஒரு ஆடு வாங்கியிருக்கலாம் என்று அவள் அம்மா சொன்னாள், அது உண்மைதான். 1983இல், படித்து வேலை இல்லாதவர்களுக்கு அரசாங்கம் பேங்கு மூலமாகக் கடன் கொடுத்தது. பதினைந்தாயிரம் வாங்கி மூன்று மிஷின் போட்டாள். நான்காவது பழைய மிஷின், பாண்டிச்சேரிக்காரரிடம் பாக்கி. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறை பிடித்தாள். அறைக்கு அட்வான்ஸ் மூவாயிரம் கேட்டார்கள். மற்றவர்களுக்கு ஆயிரத்துக்கு விட்ட அறை அது. காலனிப் பெண்ணுக்கு மூவாயிரம்.

அந்த மூவாயிரம்தான் இந்தச் சரித்திரத்தின் நடுப்புள்ளி. சவேரியார் தெருப் பெண்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒருத்திக்கு முடை வந்தால் இன்னொருத்தி தன் காதுக் கம்மலைக் கழற்றிக் கொடுப்பாள். வாங்கினவள் அதை அடகு வைத்துக்கொள்வாள். அறுப்புக் கூலி வந்ததும் மீட்டுத் திருப்பித் தருவாள். சீட்டு, சாட்சி ஒன்றும் கிடையாது. கொடுத்தவள், காது தூர்ந்து போகாமல் இருக்கத் துடைப்பக் குச்சியை ஒடித்து ஓட்டையில் செருகிக்கொள்வாள். அந்தத் தெருவில் எந்த வருஷத்திலும் இரண்டு மூன்று பெண்கள் குச்சியோடு நடமாடுவது சாதாரணம். லூர்துமேரிக்கு ஆறு பேர் கழற்றிக் கொடுத்தார்கள். எங்கள் பெண்களும் டைப் கற்று ஆபீசில் உட்காரும் என்றார்கள். ஆறு ஜோடிக் கம்மல், ஜோடிக்கு ஐந்நூறு.

இங்கேதான் பி.காம். குறுக்கே வந்தது. பஜார் அடகுக்கடையில் வட்டி நூற்றுக்கு இரண்டு ரூபாய். மூவாயிரத்துக்கு ஒரே சீட்டாகப் போட்டால் ஒன்றே முக்கால் என்று கடைக்காரர் சொன்னார். மாதம் ஏழரை ரூபாய் மிச்சம் என்று லூர்துமேரி மனதிலேயே கணக்குப் போட்டாள். ஆறு ஜோடியையும் ஒரே பொட்டலமாகக் கட்டி, தன் பேரில் ஒரே சீட்டாக வைத்தாள். படிக்காத எவளும் இதைச் செய்திருக்க மாட்டாள். இனிமேல் ஆறில் ஒருத்தியின் புருஷன் ஐந்நூறு ரூபாயோடு வந்து நின்றாலும் தன் பெண்டாட்டியின் கம்மலை மட்டும் எடுக்க முடியாது. எடுத்தால் ஆறு, இல்லாவிட்டால் ஒன்றும் இல்லை. இந்த விஷயத்தை அவள் அந்த ஆறு பேரிடமும் சொல்லவில்லை.

இன்ஸ்டிடியூட் ஓடவில்லை. காலனிப் பிள்ளைகள் ஏழு பேர் வந்தார்கள், பாதிப் பேர் இலவசம். ஊர்த்தெருவிலிருந்து ஒருவர் வந்து அறையைப் பார்த்தார், மிஷின் நன்றாக இருக்கிறது என்றார், சொல்லிக்கொடுப்பது யார் என்று கேட்டார், படி இறங்கிப் போனார். விரலைப் பிடித்துச் சொல்லிக்கொடுக்கிற வித்தை அது. எந்த விரல் எந்த விரலைப் பிடிக்கலாம் என்று ஊரில் முன்னமே தீர்மானம் ஆகியிருந்தது. 1985இல் ஊர்த்தெருவிலேயே எட்டு மிஷினோடு இன்னொரு இன்ஸ்டிடியூட் திறந்தார்கள். அட்வான்சில் வாடகையைக் கழித்துக் கழித்து, அது தீர்ந்தபோது லூர்துமேரி அறையைக் காலி செய்து மிஷின்களை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அட்வான்சில் கைவைப்பதற்கு முன்னால் வாடகைக்கென்று அப்பாதுரையிடம் இரண்டாயிரம் வாங்கியிருந்தாள். பாண்டிச்சேரிக்காரர் பாக்கியைச் சவுரிராயன் மூட்டை தூக்கியே அடைத்தார். அவர் தோளில் அந்த வருஷம் ஏறிய மூட்டைகளை அடுக்கினால் வீட்டைவிட உயரமாக வரும்.

வீடு போய்க்கொண்டே இருந்தது. 1985 கிறிஸ்துமஸுக்கு எழுபத்தோரு அடி. முருங்கைமரமும் கைபம்பும் தெருவோரத்திலேயே நின்றுவிட்டதால் வெள்ளையம்மாள் தண்ணீருக்கு அவ்வளவு தூரம் நடந்தாள். மின்வாரியத்துக்காரர் இரண்டு தரம் ஒயரை நீட்டிக் கொடுத்துவிட்டு, மூன்றாம் தரம் வீடு ஓரிடத்தில் நிற்கும் என்று எழுதிக் கொடுத்தால்தான் ஒயர் என்றார். சவுரிராயன் ஒரு ஞாயிற்றுக்கிழமை கமிட்டியிலிருந்து வடக்கயிறு கொண்டுவந்து நிலைப்படியை முருங்கைமரத்தோடு கட்டினார். திங்கட்கிழமை அப்பாதுரை வந்து இன்ஜினை அணைத்தார். கயிறு அறுந்தது, மரம் சாய்ந்தது. பாதர் வந்து தீர்த்தம் தெளித்து, தாழ்மை புண்ணியங்களில் ஒன்று என்று சொல்லிப்போனார். ஊர்த்தெருக்காரர்கள், காலனி வீடுகள் இன்னும் கொஞ்சம் ஒதுங்கினால் நல்லதுதான் என்று பேசிக்கொண்டார்கள். அப்பாதுரைக்குத்தான் எரிச்சல். "இன்னா பாப்பா, பெட்ரோல் விக்கிற வெலையில மயிலத்துல போயி ஊடு கட்டிக்கினியே" என்பார். வீட்டுக்குப் பின்னால் ஏரித் தண்ணீர் வரைக்கும் மொத்தம் இருந்த இடம் நூற்றுப் பத்து அடி. அதற்குப் பிறகு எங்கே போகும் என்று கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

லூர்துமேரி பகலில் வெளியே வருவதை நிறுத்தினாள். அவளைப் பேங்கும் தண்டலும் அவ்வளவாகச் சுடவில்லை. பேங்குக்காரன் பேங்குக்காரன்தான், தண்டல்காரன் தண்டல்காரன்தான். கைபம்பில் ஆறு பெண்கள் தண்ணீர் அடிப்பதை ஜன்னல் வழியே பார்ப்பாள். பன்னிரண்டு காதுகளிலும் குச்சி. மூன்றாவது வருஷமாகக் குச்சி. ஒருத்தியின் புருஷன் தெரு கேட்கத் திட்டுவது எழுபத்தோரு அடி தாண்டியும் கேட்கும். அந்த ஆறு பேரும் ஒருநாள்கூட வந்து கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆளுக்கு ஒரு அடியோடு போயிருக்கும்.

1986 ஆடியில் அடகுக்கடையிலிருந்து கார்டு வந்தது. பதினோரு மாத வட்டி நிலுவை, வரும் வெள்ளிக்கிழமை நகை ஏலம். கார்டு அவள் பேருக்கு வந்ததால் அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. அவள் அதை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, சனிக்கிழமை பஸ் ஏறி விழுப்புரம் போனாள். அங்கே கோர்ட்டுக்கு எதிரே சுப்பராயலு என்ற வக்கீல் இருந்தார். திண்டிவனம், செஞ்சி, விக்கிரவாண்டி வட்டாரத்தில் யார் மஞ்சள் நோட்டீஸ் கொடுத்தாலும் அவர் மூலமாகத்தான் கொடுப்பார்கள். கடனைக் கட்ட வழியில்லை, நான் திவால் என்று கோர்ட்டில் மனுப் போட்டால், கடன் கொடுத்தவர்களுக்கெல்லாம் கோர்ட்டு நோட்டீஸ் அனுப்பும். ஊரில் அதற்கு ஐ.பி. என்று பெயர்.

சுப்பராயலு நல்ல மனிதர்தான். அவளை உட்காரச் சொன்னார். ஐ.பி. போட்டுவிட்டால் தண்டல்காரன் வாசலை மிதிக்க முடியாது, பேங்கு வரிசையில் நிற்க வேண்டியதுதான், இருபத்துநாலு வயதில் முழுசாக எழுந்து நடக்கலாம் என்று விளக்கினார். வீடு யார் பேரில் என்று கேட்டு, வீடு தன் சர்வே நம்பரைத் தாண்டிப் புறம்போக்கில் நிற்கிறது என்று தெரிந்ததும் சந்தோஷப்பட்டார். ஜப்தி செய்ய வருகிற அமீனா பட்டாவில் உள்ள இடத்தைத்தான் ஜப்தி செய்ய முடியும், அங்கே ஒரு சாய்ந்த முருங்கைமரம்தானே இருக்கும் என்றார். பிறகு கடன்காரர் பட்டியல் எழுதத் தொடங்கினார். பேங்கு. அப்பாதுரை. அடகுக்கடை. அப்புறம் அவள் ஆறு பேர் பெயரைச் சொன்னாள். பேனாவை நிறுத்தினார்.

"சீட்டு யார் பேர்ல இருக்கும்மா?"

"என் பேர்லதான் சார்."

"அவங்க கிட்ட எழுதிக் குடுத்தது ஏதாவது?"

"இல்ல சார். கழட்டிக் குடுத்தாங்க."

"அப்ப அவங்க கடன்காரங்களே இல்ல. கம்மல் ஏலத்துல போவும், அதோட முடிஞ்சுது. பேப்பர் இல்லாத கடன் கோர்ட்டுக்குக் கடனே இல்லம்மா." அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "வேணும்னா போடலாம். ஆறு பேருக்கும் மஞ்ச நோட்டீஸ் போவும். கோர்ட்டு ஏறி நின்னா ரூவாய்க்கு எட்டணாவோ நாலணாவோ வரும்" என்றார்.

ஃபீஸ் அறுநூறு. வியாழக்கிழமை கொண்டுவந்து கட்டிவிட்டுக் கையெழுத்துப் போடச் சொன்னார். வெள்ளையம்மாள் இரண்டு ஆடுகளை விற்று அந்த அறுநூறைக் கையில் கொடுத்தாள். எதற்கென்று கேட்கவில்லை, மகள் முகத்தையும் பார்க்கவில்லை.

நான்கு நாள் லூர்துமேரி மற்ற வழிகளையெல்லாம் எண்ணிப் பார்த்தாள். பேங்கு மேனேஜர் தவணையைக் குறைத்து வருஷத்தை நீட்டிக் கொடுக்கலாம். ஆனால் அதற்கும் மாதாமாதம் எதையாவது கட்ட வேண்டும். இன்னொரு தண்டலில் வாங்கி இந்தத் தண்டலை அடைக்கலாம். அந்த வழியில் போன இரண்டு குடும்பம் இப்போது பெங்களூரில் கல் உடைக்கிறது. ராத்திரியோடு மெட்ராஸ் பஸ் ஏறலாம், வீடு கேட்க ஆளில்லாமல் நிற்கும். மிஷின்களை விற்கலாம் என்றால் மூன்று மிஷின் பேங்குக்கு ஈடு, தொட்டால் போலீஸ். எல்லாவற்றிலும் சுலபமானது ஐ.பி.தான். சட்டம் கொடுத்த வழி. பெரிய பெரிய மனிதர்களெல்லாம் போன வழி. அதில் போக அவளுக்கு மட்டும் ஏன் தலை குனிய வேண்டும் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டித் திட்டி, புதன்கிழமை மத்தியானத்துக்குள், மறுநாள் வக்கீலிடம் போவது என்று ஒருவழியாக முடிவு செய்தாள்.

அப்போது சின்னபொண்ணு வந்தாள். கம்மல் கொடுத்த ஆறு பேரில் ஒருத்தி. அந்த நேரத்தில் வீடு தொண்ணூற்று நாலு அடியில் இருந்தது. அவ்வளவு தூரம் நடந்து வந்து, மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்து, வரும் ஞாயிற்றுக்கிழமை மகள் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற புதுநன்மை, கோயிலில் மற்றதுகளுக்கெல்லாம் அத்தைமார் நிற்பார்கள், நீதான் எங்கள் பெண்ணின் பக்கத்தில் நிற்க வேண்டும், படித்தவள் நின்றால் அதற்கும் படிப்பு வரும் என்றாள். கம்மலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. போகும்போது தலையை ஒருபக்கம் சாய்த்து, சீவி மஞ்சள் தடவிய இரண்டு குச்சிகளைக் காட்டினாள்.

"ஞாயித்துக்கெழமைக்குன்னு புதுசா செருகிக்கினேன். பாருடி, ஜோரா கீதா?"

வீடு பதினைந்து அடி போனது. இரண்டு பேரும் உள்ளேயே இருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. வாசலில் விழுந்துகொண்டிருந்த வெயில் மட்டும் சட்டென்று நீளமானது. பின்பக்கம் தவளைச் சத்தம் கிட்டத்தில் கேட்டது. சின்னபொண்ணு எட்டிப் பார்த்தாள். தெரு இன்னும் தள்ளிப் போயிருந்தது.

"நான் இன்னாடி கேட்டுட்டேன்னு இது இப்டி ஓடுது?" என்றாள்.

லூர்துமேரி ரவிக்கையிலிருந்து அடகுக்கடைக் கார்டை எடுத்தாள். சின்னபொண்ணுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் அவளே படித்துக் காட்டினாள். ஒரே சீட்டு என்று சொன்னாள். ஏழரை ரூபாய்க்காக என்று சொன்னாள். வக்கீல், அறுநூறு, மஞ்சள் நோட்டீஸ், பேப்பர் இல்லாத கடன், எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்லக் காது மடல்வரை சூடேறியது. சின்னபொண்ணு கார்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "ஏழ்ர ரூவா" என்றாள். அவ்வளவுதான். அந்த மூன்று எழுத்தும் ஒரு சொல்லும் லூர்துமேரி பிற்காலத்தில் கேட்ட எந்தத் திட்டைவிடவும் பெரியது. எழுந்து போகும்போது வாசலில் நின்று, "வா. அஞ்சு பேராண்டயும் நீயே வந்து சொல்லு. நான் சொல்ல மாட்டேன்" என்றாள்.

அன்று மாலை லூர்துமேரி ஐந்து வாசலில் நின்றாள். இரண்டு வருஷமாக மற்றவர்கள் தன் வாசலில் நின்ற மாதிரி. ஒருத்தி அழுதாள். ஒருத்தியின் புருஷன் கையை ஓங்கிவிட்டு இறக்கினான். ஒருத்தி முகத்துக்கு நேரே, "படிச்ச திமிருடி ஒனக்கு. எங்களுக்குக் கணக்குத் தெரியாதுன்னுதானே" என்றாள். லூர்துமேரி ஆமாம் என்றாள். அது உண்மையாக இருந்தது.

வியாழக்கிழமை காலை விழுப்புரம் பஸ் அவள் இல்லாமல் போனது. ஏழு பெண்கள் பஜார் வழியாக அடகுக்கடைக்கு நடந்தார்கள். முன்னால் லூர்துமேரி, பின்னால் ஆறு பேர், பன்னிரண்டு குச்சி. ஜவுளிக்கடை வாசல்களில் ஆட்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். அவளிடம் படித்த ஒரு பையன் சைக்கிளை நிறுத்தி வணக்கம் மிஸ் என்றான், அந்த நேரத்தில் அவன் சொல்லாமலே இருந்திருக்கலாம். ஆறு கம்மலை ஏலம் விட்டால் நாளைக்கு ஆறு குடும்பம் கடை வாசலில் உட்காரும் என்று கடைக்காரருக்குப் பார்த்ததுமே புரிந்தது. வக்கீலுக்கென்று வைத்திருந்த அறுநூறிலிருந்து பதினோரு மாத வட்டி ஐந்நூற்று எழுபத்தேழு ரூபாய் ஐம்பது காசை எடுத்துக்கொண்டு, ஒரு சீட்டைக் கிழித்து ஆறு சீட்டாக, ஆறு பேர் பேரிலும் எழுதிக் கொடுத்தார். வட்டி இனிமேல் இரண்டு ரூபாய்தான் என்றார். மீதி இருபத்திரண்டரை ரூபாய். லூர்துமேரி அதைச் சின்னபொண்ணிடம் நீட்டினாள். அவள் அதை வாங்கி, ஏழு பேருக்கும் டீயும் பன்னும் வாங்கினாள். பஜாரில் நின்றபடியே குடித்தார்கள்.

அதற்குப் பிறகு வருஷங்கள் வேகமாகப் போயின. பேங்கு மூன்று மிஷினையும் எடுத்துக்கொண்டு, விற்ற காசைக் கழித்து, மீதிக்கு மாதம் நூற்றைம்பது என்று தவணை போட்டது. நான்காவது பழைய மிஷினைத் தூக்கிக்கொண்டு லூர்துமேரி விழுப்புரம் கோர்ட்டு வாசலில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாள். பக்கத்துக்கு ஒன்றேகால் ரூபாய். முதலில் வேலை கொடுத்தவர் சுப்பராயலு. ஃபீஸ் வராத கோபத்தில் ஒரு வாரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, எழுத்துப்பிழை இல்லாததைப் பார்த்ததும் திரும்பினார். மற்றவர்களின் ஐ.பி. மனுக்களை அவள்தான் அடித்தாள். அப்பாதுரை அசலும் பாதி வட்டியும் என்று இறங்கி வந்தார். அவர் இன்ஜினை அணைத்துவிட்டு இன்னா பாப்பா என்றால், அவள் வெளியே வந்து, தெரு கேட்க, "இல்லன்னு சொல்லல. இன்னிக்கு இல்ல" என்றாள். வீடு ஒரு விரற்கடைகூட அசையவில்லை.

1988இல் பெரிய அரிசி மில்லுக்காரர் ஒருவர் பதினோரு லட்சத்துக்கு ஐ.பி. கொடுத்தார். லூர்துமேரி அடித்த மனு பதினாலு பக்கம், பதினேழரை ரூபாய். அவருக்கு நெல் போட்டுவிட்டு ஏமாந்த விவசாயிகள் நாற்பது பேர் அவர் வீட்டு வாசலில் நின்று கேட்டார்கள். அந்த வீடு ஒரு நூல்கூட நகரவில்லை. அடுத்த வருஷம் அதன் மேல் ஒரு மாடி எழும்பியது. இதை யாரும் அதிசயம் என்று சொல்லவில்லை.

கம்மல்களை எந்த வரிசையில் மீட்பது என்று பெண்கள் சீட்டுக் குலுக்கினார்கள். சின்னபொண்ணுக்கு ஆறாவது வந்தது. 1989 ஈஸ்டருக்கு முந்திய பெரிய வியாழனுக்கு முதல்நாள் லூர்துமேரி அதை மீட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தாள். வலது காது நன்றாக இருந்தது. இடது காது பாதி தூர்ந்திருந்ததால் எண்ணெய் விட்டு, திருகி, கொஞ்சம் ரத்தம் வந்த பிறகுதான் ஏறியது. சின்னபொண்ணு பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணாடியில் பார்த்தாள். லூர்துமேரி மன்னிப்பு என்ற சொல்லை அங்கே எடுக்கவில்லை. எடுத்திருந்தால் செருப்பு வந்திருக்கும்.

அந்த வருஷக் கடைசியில் பேங்கு கடன் முடிந்தது. வீடு திரும்பிவரும் என்று தெருவில் சிலர் எதிர்பார்த்து, முருங்கைமரம் இருந்த இடத்தை விட்டு மாட்டைத் தள்ளிக் கட்டினார்கள். வீடு வரவில்லை. மழைக்காலத்தில் ஏரித் தண்ணீர் பின்கதவு வழியாக அடுப்படிக்குள் வந்தது, வெள்ளையம்மாள் உட்கார்ந்த இடத்திலிருந்தே குரவை மீன் பிடித்தாள். நகராட்சியில் அளந்து பார்த்து, புதுக் கதவு எண் கொடுத்து, வீட்டு வரியில் நாலு ரூபாய் ஏற்றினார்கள். மின்வாரியம் ஒரு கம்பம் நட்டது. தெருவிலிருந்து வாசலுக்கு நூற்று ஒன்பது அடி. லூர்துமேரி தினமும் காலை ஏழரை மணி விழுப்புரம் பஸ்ஸுக்கு அதை நடந்து போனாள். நேரமாகிவிட்ட நாட்களில் ஓடினாள்.